பிரமகத்தியும் பாவை விளக்கும்
உணர்ச்சி பிறப்பது உள்ளத்தில். அது தெரியவருவது உடலில். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டை எண்ணி, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்கிறது. அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை.

குற்ற உணர்வுக்கு இந்த எட்டில் தனி இடமில்லை. திருவிடைமருதூரோ அதற்கு ஓர் உருவமே கொடுத்துவிட்டது. வரகுண பாண்டியனின் குதிரைக் காலில் மிதிபட்டு ஓர் அந்தணர் இறக்க, அந்தக் கொலைப் பாவத்தின் உருவான பிரமகத்தி மன்னனைப் பின்தொடர்ந்தது. மகாலிங்க சுவாமி கோயிலின் கிழக்கு வாசலில் அது நின்றுவிட, அவன் மேற்கு வாசல் வழியே வெளியேறினான் என்பது தலபுராணம். அறியாமல் செய்த பிழையும் மனிதனைத் துரத்தும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம். இன்றும் பக்தர்கள் பலர் வந்த வழியே திரும்புவதில்லை.

காதலுக்கும் இவ்வூரில் சான்று உண்டு. தஞ்சை மராத்திய அரச குடும்பத்துப் பெண் ஒருத்தி, தன் உறவினர் பிரதாபசிம்மரை மணக்க விரும்பி இக்கோயிலுக்கு லட்ச தீபம் நேர்ந்துகொண்டாள். எண்ணம் ஈடேறியதும், விளக்கேந்தி நிற்கும் தன் உருவத்தையே உலோகத்தில் வார்க்கச் செய்து 1853இல் காணிக்கையாக்கினாள். அரண்மனைக்குள் அடங்கிப்போயிருக்க வேண்டிய ஆசை இது; தென்னிந்தியப் பாவை விளக்குகளில் பெயர்பெற்ற ஒன்றாக நிலைத்துவிட்டது. நேர்த்திக்கடனின் விவரம் விளக்கிலேயே தமிழில் பொறிக்கப்பட்டிருக்கிறது.