சமய விலக்கும் மனச்சான்றும்

தன் கொள்கையை ஏற்காத ஒருவனை 'இவன் நம்மவன் அல்லன்' என்று கூறும் உரிமை எந்தச் சமயக் குழுவுக்கும் உண்டு. ஆனால் அவனோடு உற்றாரும் பேசலாகாது, மணவினை கொள்ளலாகாது, இறந்தால் இடுகாட்டில் இடமில்லை என்று ஆணையிடும்போது, அவனைப் பெற்ற தாயும் தண்டனைக்கு உள்ளாகிறாள். வாணிபமும் உறவும் ஒரே சிறு சமூகத்துக்குள் அடங்கியிருக்குமானால், விலக்குக்கு அஞ்சாதார் அரியர்.

இதனைத் தடுக்கப் பம்பாய் மாகாணம் 1949-இல் சட்டம் இயற்றியது. தாவூதி போரா சமூகத்தின் தலைவர் அதனை எதிர்த்து வழக்காடினார். சமயக் காரணம் பற்றிய விலக்கு அச்சமூகத்தின் உரிமையில் அடங்குமெனக் கொண்டு, உச்ச நீதிமன்றம் 1962-இல் அச்சட்டம் செல்லாதென்றது. நீதிபதிகள் 5 பேருள் தலைமை நீதிபதி பி. பி. சின்ஹா மட்டும் மாறுபட்டு, தனி மனிதனின் மானத்தையும் மனச்சான்றையும் காக்கவே சட்டம் எழுந்தது என்றார். மகாராஷ்டிரச் சட்டமன்றம் 2016-இல் சமூக விலக்கைக் குற்றமாக்கிச் சட்டம் நிறைவேற்றியது. 2023-இல் பழைய தீர்ப்பு 9 நீதிபதிகளின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது.

நேயர்களே, இடுகாட்டில் இடம் தரும்படி சட்டம் பணிக்கலாம்; மகனோடு பேசும்படி தாயைப் பணிக்க இயலாது. அவள் அஞ்சாமல் பேசுதற்கு அண்டை அயலாரே துணை நிற்றல் வேண்டும்.