யார் கேட்கிறார்கள் என்பதும் தரவுதான்

தகுதியில் மூத்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, தலைமை எனக்கு வாய்த்திருக்கிறது. மகிழ்ச்சிதான், கொஞ்சம் உதறலும் உண்டு.

‘பதின்வயதுக் கர்ப்பிணிகள்: வன்முறையும் போதைப் பழக்கமும்’ என்பது மாநாட்டுப் பொருள். இரண்டும் சேர்ந்தே வருகின்றன என்பது உங்களுக்குப் புதிதல்ல. பார்க்கர், மெக்ஃபார்லேன், சோகன் மூவரும் 1994இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், கர்ப்ப காலத்தில் துன்புறுத்தப்பட்டோர் பதின்வயதினரில் 20.6 விழுக்காடு, மற்றவர்களில் 14.2. துன்புறுத்தப்பட்டோரிடம் புகை, மது, போதைப்பொருள் எல்லாமே கூடுதல். எது முந்தி, எது பிந்தி என்ற வழக்கைப் பிற்பகல் அமர்வுக்கு விட்டுவிடுகிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. மெக்ஃபார்லேன் குழு 1991இல் எழுதிய சின்னக் கட்டுரை ஒன்றை நம்மில் யாரும் சீந்துவதில்லை. குடும்பக் கட்டுப்பாட்டு மருத்துவமனைகளில் பெண்களிடம் படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னபோது, அடி வாங்கியதை ஒப்புக்கொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. செவிலியர் நேரில் கேட்டபோது கால்வாசிக்கும் மேல்! முன்பொரு கருத்தரங்கில் இதை நான் சொன்னதும், மூத்த அறிஞர் ஒருவர் ‘நர்ஸம்மா கணக்கு’ என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

நம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். கர்ப்பிணிகள் வரிசையில் பதினேழு வயதுப் பெண், பக்கத்திலேயே மாமியார். வயதைக் கேட்டால் மாமியார் முந்திக்கொண்டு ‘பத்தொம்பது’ என்கிறார். ‘புருஷன் அடிக்கிறானா, புகையிலை போடுறியா’ என்று அங்கே வைத்துக் கேட்டு, ‘இல்லை’ என்பதைக் குறித்துக்கொண்டு, அதற்குச் சராசரியும் கண்டு கட்டுரை வாசிக்கிறோம். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, தமிழ்நாட்டில் 15–19 வயதினரில் 6.3 விழுக்காட்டினர் தாயாகிவிட்டவர்கள் அல்லது கருவுற்றிருப்பவர்கள் என்கிறது. அதே ஆய்வில் கணவன் செய்யும் வன்முறைக்கான அட்டவணையோ 18 வயதில்தான் தொடங்குகிறது. பதினேழு வயதுக்காரி அதில் இல்லவே இல்லை. அதை வைத்துக்கொண்டு ‘சிறுமிகள் மீதான வன்முறை அருகிவருகிறது’ என்று எழுதும் நண்பர்கள் எந்த வரிசையைப் பார்த்தார்களோ!

வாய்ச்சொல்லை நம்பாதே, சிறுநீரைச் சோதி என்போருக்கு சார்ல்ஸ்டனை நினைவூட்டுகிறேன். தெற்கு கரோலினாவின் அந்த ஊரில், 1989 முதல் அரசு மருத்துவமனை ஒன்று கர்ப்பிணிகளின் சிறுநீரில் கோகெய்னைத் தேடி முடிவைப் போலீசுக்குக் கொடுத்தது. ஒப்புதலில்லாமல் அப்படிச் சோதிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது.

நமக்கு, சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு இருக்கிறது. பதினெட்டு நிரம்பாதவள் கருவுற்றிருப்பது தெரிந்தால் மருத்துவர் தகவல் கொடுத்தாக வேண்டும். கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அவளுடைய அடையாளத்தை மறைத்துத் தகவல் தரலாம் என்று 2022இல் நம் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. குழந்தையைப் பெற்றுக்கொள்ள வருகிறவளைப் பற்றி அத்தீர்ப்பு பேசவில்லை. நம் படிவத்தை நிரப்புகிறவள் அவள்தான். சொன்னால் கணவன் சிறைக்குப் போவான் என்று தெரிந்தவள் எதற்குச் சொல்வாள்? மாமியாரை வெளியே அனுப்பிவிட்டு, பதில் யார் யாருக்குப் போகும் என்பதைச் சொன்ன பிறகே முதல் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. அப்படிச் சொன்னால் ஒருத்தியும் வாய் திறக்கமாட்டாள் என்பவர்கள் முதல் அமர்விலேயே எழுந்து மறுக்கலாம், பதிலோடுதான் வந்திருக்கிறேன்.