பொலிவான முகம்

(வேப்பந்தட்டையில் ஆற்றிய உரை)



பெண் பார்த்துத் திரும்புவோரிடம் "பெண் எப்படி?" என வினவுகிறோம். "இலட்சணமான முகம்" என்று விடை வருகிறது. இலட்சணம் வடசொல், குறி, அடையாளம் என்பன அதன் பொருள். மூக்கு இப்படி, நெற்றி இப்படி என்று வகுத்த குறிகளோடு முகத்தை ஒத்துப் பார்த்து மதிப்பிடும் சொல் அது. அக்குறிகளுக்குள் அடங்காத குழந்தையை 'அவலட்சணம்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கியும் விடுகிறோம். அச்சொல் அக்குழந்தையின் நெஞ்சில் எத்தனை ஆண்டுகள் தைத்துக் கிடக்கும் என்பதை எண்ணுவாரில்லை.

நம்மிடம் சொல் இல்லையா? 'பொலிவான முகம்' என்று சொன்னால் என்ன குறை?

பொலிதல் என்றால் பெருகுதல், செழித்தல், விளங்குதல். உழவர் பெருமக்களாகிய உங்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. களத்திலே தூற்றிக் குவித்த நெல் பொலி. இனம் பெருக்கும் காளை பொலிகாளை. சோழர் கல்வெட்டுகளில் முதலின்மேல் பெருகும் வட்டி பொலிசை. ஆகவே, பொலிவு என்பது மேலே பூசுவதன்று. உள்ளிருந்து பெருகி வெளியே விளங்குவது. நோய் தீர்ந்து எழுந்தவரைப் பார்த்து, "முகம் பொலிவாயிருக்கிறது" என்கிறோம். மூக்கு நீண்டுவிட்டது என்றா பொருள்? உடல்நலமும் மனநிறைவும் முகத்தில் தெரிகின்றன என்பதே பொருள். முகமலர்ச்சியோடு நோக்கி, உள்ளத்திலிருந்து இன்சொல் கூறுவதே அறம் என்றார் வள்ளுவர். அம்மலர்ச்சியும் பொலிவே.

பொலிவுக்கு நிறமும் இல்லை. சங்கப் புலவர் கருநிறத் தலைவியை மாயோள் என்று போற்றினர். மாந்தளிர் போன்ற அவளது மாமையைப் பிரிவுத்துயரால் வந்த பசலை கவர்ந்ததே என்று வருந்தினர். மேனி வெளிறுவதை அவர்கள் அழகென்று கொள்ளவில்லை. துயரின் அடையாளமாகவே கண்டனர்!

இன்றோ பூச்சு வணிகம் இச்சொல்லையும் பற்றிக் கொண்டது. 'பேர் அண்டு லவ்லி' என்ற முகப்பூச்சு 2020-இல் வெண்மையைக் குறித்த சொல்லை விடுத்து, ஒளிர்வைக் குறிக்கும் 'குளோ அண்டு லவ்லி' என்று பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் மாறிற்று, வெளுப்பே அழகென்னும் எண்ணம் மாறிற்றா? வெளுப்புக்குப் பொலிவு என்று பெயர் சூட்ட நாம் இடங்கொடுத்தால், சொல்லையும் இழப்போம்; அதன் பொருளையும் இழப்போம்.

தாய்மார்களே! மணமகள் தேடுங்கால் நிறத்தைக் கேளாதீர்கள். கருத்த மகளையும் "பொலிவானவள்" என்று வாயார அழையுங்கள். அவள் முகம் பொலியும்; தமிழும் பொலியும்.