பை திரும்பி வந்த நாள்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





"எல்லாம் ஹைருக்குத்தான்" என்று நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்! பஸ் போய்விட்டால் சொல்கிறோம். கரண்ட் போய் டிவி நின்றதும், பிள்ளைகள் நம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் சொல்கிறோம். சின்னச் சின்ன விஷயங்களுக்கு அது போதும். ஆனால் மய்யித் வீட்டிலும் அதையே சொல்லிவிட்டு வருகிறோம். வேலை போய் சவூதியிலிருந்து திரும்பி வந்தவரிடமும் "ஹைர்தான் பாய்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போகிறோம். இந்த மாத வாடகைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்பதில்லை.

நபி (ஸல்) அவர்களின் கைக்குழந்தை இப்ராஹீம் உயிர் பிரியும் நிலையில் இருந்தபோது, அவர்கள் கண்ணீர் விட்டார்கள். பக்கத்தில் இருந்த தோழர் வியப்புடன் கேட்டபோது, இது இரக்கம் என்று விளக்கினார்கள். வலிக்கிறது என்று சொல்வது ஈமானின் குறை ஆகாது. அதைச் சொல்ல விடாமல் வாயை அடைக்கும் ஆறுதல், ஆறுதல் சொல்பவருக்குத்தான் வசதி.

ஹுதைபியாவை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். வெற்றியாக முடிந்த உடன்படிக்கை என்று மதரஸாவில் படித்தோம். அந்த ஒரு நாள் எப்படி இருந்தது என்று சற்று நினைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி 6, அதாவது கி.பி. 628. உம்ரா செய்ய இஹ்ராம் உடுத்தி, குர்பானிப் பிராணிகளுடன் ஏறக்குறைய 1,400 பேர் வந்திருக்கிறார்கள். மக்கா எட்டும் தூரத்தில் இருக்கிறது. உள்ளே விட மாட்டோம் என்கிறார்கள் குறைஷிகள். இந்த ஆண்டு திரும்பிப் போக வேண்டும். மக்காவிலிருந்து தப்பி மதீனாவுக்கு வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். மதீனாவிலிருந்து மக்காவுக்குப் போனவரை அவர்கள் அனுப்ப மாட்டார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே அபூஜந்தல் (ரலி) விலங்குடன் தப்பி வந்து நிற்கிறார். அவரையும் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. உமர் (ரலி) போன்றவரே மனம் பொறுக்காமல் கேள்வி கேட்டார்.

எழுந்து குர்பானி கொடுங்கள், தலைமுடியைக் களையுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை சொல்லியும் ஒருவரும் எழவில்லை. அவ்வளவு துக்கம். கூடாரத்துக்குள் வந்து உம்மு ஸலமா (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். அந்த அம்மையார் கொடுத்த யோசனை: யாரிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டாம், நீங்கள் போய் உங்கள் பிராணியை அறுத்து, உங்கள் தலையை மழிக்கச் சொல்லுங்கள். அப்படியே செய்தார்கள். அதைப் பார்த்ததும் கூட்டம் முழுக்க எழுந்துவிட்டது.

மறு ஆண்டு உம்ரா கிடைத்தது. ஹிஜ்ரி 8-இல் 10,000 பேருடன் மக்காவுக்குள் நுழைந்தார்கள். ஆனால் அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணுக்கு அதில் எதுவும் தெரியவில்லை. தெரிந்தது அடுத்துச் செய்ய வேண்டிய ஒரு வேலை மட்டும்தான். அந்த யோசனை சொன்ன உம்மு ஸலமா (ரலி) துக்கம் அறியாதவர் அல்ல. உஹதில் பட்ட காயத்தால் முந்தைய கணவர் அபூஸலமாவை இழந்தவர். இவரைவிடச் சிறந்தவர் யார் கிடைக்கப்போகிறார் என்று அப்போது தமக்குள் நினைத்ததை அவரே பின்னால் சொல்லியிருக்கிறார்.

இனி எங்கள் கதைக்கு வருகிறோம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ரமலானில் மளிகைப் பை கொடுத்தோம். அரிசி, எண்ணெய், சீனி, சேமியா, பேரீச்சம்பழம். அலுவலக வாசலில் வரிசையில் நிற்க வைத்தோம். வெளிநாட்டில் இருக்கும் நன்கொடையாளர்களுக்குக் காட்ட வேண்டும் என்று ஒவ்வொருவரையும் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோம். ஒரு படத்தில் ஒரு தாயும், பையைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர் மகளும் இருந்தார்கள். அது சுற்றிச் சுற்றி அந்தப் பிள்ளையின் வகுப்புக்கே போய்விட்டது. "உங்க வீட்டுக்கு அரிசி வந்துடுச்சா?" என்று யாரோ கேட்க, பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

அன்று அஸருக்குப் பின் அந்த லாத்தா பையைப் பிரிக்காமல் அப்படியே கொண்டுவந்து மேசையில் வைத்தார். "நோன்பு திறக்கப் பள்ளிவாசல் கஞ்சி போதும் பாய். எம் புள்ள முகத்த எதுக்கு ஊருக்குக் காட்டுனீங்க?" என்றார். எங்களில் ஒருவர் "ஸபர் செய்யுங்க லாத்தா" என்று ஆரம்பித்தார். அவர் கேட்டு முடிக்கவில்லை, போய்விட்டார்.

இரண்டு நாள் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இனிமேல் இந்த வேலையே வேண்டாம் என்றுகூடப் பேச்சு வந்தது. பிறகு கையில் இருந்த வேலையைப் பார்த்தோம். படங்களை அழித்தோம், குழுக்களில் இருந்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து அழிக்கச் சொன்னோம். எல்லாவற்றையும் அழிக்க முடியவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் போய் அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டார்கள். மீதிப் பைகளைத் தராவீஹுக்குப் பின் பைக்கில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோனோம்.

அப்போதுதான் வரிசையில் நிற்க வைத்தபோது தெரியாத பலதும் தெரிந்தது. ஒரு வீட்டில் கேஸ் தீர்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த வீட்டுக்கு நாம் அரிசி கொடுத்து என்ன பயன்? தனியாக இருக்கும் ஒரு பெரியவருக்குச் சர்க்கரை நோய். போன ஆண்டு அவருக்கும் சீனியும் பேரீச்சம்பழமும்தான் கொடுத்திருந்தோம். இன்னொரு வீட்டில் அரிசி இருந்தது, கரண்ட் பில்தான் கட்டவில்லை. வரிசைக்கே வராத வீடுகளும் இருந்தன. அதிலிருந்துதான், முதலில் போய்க் கேட்டுவிட்டுக் கொடுப்பது என்ற பழக்கம் எங்களுக்கு வந்தது. படம் இல்லை என்பதால் ஒரு நன்கொடையாளர் நின்றுவிட்டார். மற்றவர்கள் தொடர்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

இதை வைத்து, அன்று நடந்ததும் நல்லதற்குத்தான் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நன்மை கிடைத்தது எங்களுக்கு. அவமானம் கிடைத்தது அந்தப் பிள்ளைக்கு. அவள் இப்போது ப்ளஸ் டூ படிக்கிறாள். தெருவில் எங்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். தன் கஷ்டத்தில் நன்மை இருந்ததா என்பதை அவள் ஒரு நாள் சொன்னால் சொல்லட்டும். நாங்கள் சொல்ல முடியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கணவன் அடிக்கிறான் என்று வரும் பெண்ணிடமும், கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கிறான் என்று வருபவரிடமும் "இதிலும் ஹைர் இருக்கும்" என்று யாரும் பேச வேண்டாம். அது அநியாயம், நிறுத்த வேண்டியது. ஜமாஅத்துக்கோ காவல் நிலையத்துக்கோ கூடவே போக ஆள் வேண்டும் என்றால் எங்களிடம் சொல்லுங்கள், வருகிறோம்.

ஷஅபான் கடைசி வாரத்தில் இஷாவுக்குப் பின் பை கட்டும் வேலை இருக்கிறது. பைக் வைத்திருக்கும் இளைஞர்கள் தேவை. வீடுகளுக்குள் போய்க் கேட்டு வரப் பெண்கள் தேவை. வருபவர்கள் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வஸ்ஸலாம்.