சுவர் இருந்தால்தான் ஆட்டம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக நெறியாளர் நாற்காலியில்தான் நான் அமர்ந்திருப்பேன். நன்றாகப் பேசிக்கொண்டிருப்பவரை 'நேரமாகிவிட்டது' என்று நிறுத்துவது என் தொழில். இன்று அந்தப் பொறுப்பு வேறொருவரிடம் இருப்பதால் கொஞ்சம் பயத்தோடுதான் பேசுகிறேன்.

இன்றைய தலைப்பு 'ஆயுள் முழுவதும் ஒரு விளையாட்டு'. எனக்கு முன் பேசியவர்கள் நடைப்பயிற்சி பற்றியும் யோகா பற்றியும் சொன்னார்கள். அவை யாரையும் அடிப்பதில்லை. நான் பேச வந்திருப்பது சில நேரங்களில் அடித்துவிடும் ஒரு விளையாட்டைப் பற்றி. அதுதான் ஸ்குவாஷ். நம் பத்திரிகைகள் 'சுவர்ப்பந்து' என்று அழகாக எழுதுகின்றனவே, அதே விளையாட்டு. பன்னிரண்டு வயதில் மட்டையைப் பிடித்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இன்னும் விடவில்லை, விடப்போவதும் இல்லை.

வலை இல்லாத ஆட்டம்

பூப்பந்து நம் எல்லோருக்கும் தெரியும். நடுவில் வலை இருக்கும். எதிராளி அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். ஸ்குவாஷ் அப்படியல்ல. 9.75 மீட்டர் நீளமும் 6.4 மீட்டர் அகலமும் கொண்ட ஓர் அறை. அந்த அறைக்குள் இரண்டு பேர். இருவர் கையிலும் 70 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளமுள்ள மட்டை. நடுவில் வலை இல்லை. இருவரும் ஒரே சுவரைப் பார்த்து அடிக்க வேண்டும், ஒரே இடத்திற்கு ஓட வேண்டும்.

இங்கிலாந்தின் ஹாரோ பள்ளி மாணவர்கள் 1830ஆம் ஆண்டு வாக்கில் தொடங்கி வைத்த விளையாட்டு இது. காற்றுப் போன ரப்பர் பந்து சுவரில் பட்டு நசுங்குவதைக் கண்டு 'ஸ்குவாஷ்' என்றார்கள், அதுவே பெயராகிவிட்டது. ஆங்கிலேயர்களின் கிளப்புகள் வழியாக நம் நாட்டுக்கும் வந்தது. துரைமார்களின் பொழுதுபோக்காக வந்த அந்த விளையாட்டில் பினாங்கில் பிறந்த ஒரு பெண் உலகையே வென்றார். டத்தோ நிக்கோல் டேவிட்டைத்தான் சொல்கிறேன். தந்தை இந்திய வம்சாவளி, தாய் சீன வம்சாவளி. 2005ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை எட்டு முறை உலக வெற்றியாளர். 2006 முதல் 2015 வரை தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் உலகின் முதல் நிலை ஆட்டக்காரர். என் வயதுப் பெண்கள் பலர் மட்டையைக் கையில் எடுத்ததற்குக் காரணம் அவர்தான்.

அன்பர்களே, இந்த விளையாட்டின் அழகும் ஆபத்தும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. எதிராளியின் மூச்சு நம் காதில் கேட்கும். அவ்வளவு நெருக்கம். அந்த நெருக்கத்தில்தான் விறுவிறுப்பு இருக்கிறது. அடிபடுவதும் அந்த நெருக்கத்தில்தான்.

கண்ணுக்கு அளவெடுத்த பந்து

ஸ்குவாஷ் பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர், எடை 24 கிராம். இவ்வளவு சிறிய பந்து என்ன செய்துவிடும் என்று தோன்றும். சிறியதாக இருப்பதுதான் ஆபத்து. காற்பந்து முகத்தில் பட்டால் நெற்றி எலும்பும் கன்னத்து எலும்பும் அதைத் தாங்கிக்கொள்ளும். ஸ்குவாஷ் பந்தோ கண்குழிக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் உள்ளே போய் உட்காரும் அளவில் இருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரர் அடித்தால் அது மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேல் பறக்கும். கண்ணுக்குள் இரத்தம் கசியலாம், விழித்திரை பிரியலாம், கண்ணைத் தாங்கும் மெல்லிய எலும்பு உடையலாம். பார்வையே போனவர்களும் உண்டு.

என் இடது புருவத்தின் ஓரத்தில் ஒரு தழும்பு இருக்கிறது. ஒப்பனை செய்பவர் தினமும் அதை மறைத்துவிடுவதால் நேயர்களாகிய உங்களுக்குத் தெரியாது. பதினான்கு வயதில் பயிற்சியின்போது எதிராளியின் மட்டை பட்டது. ஆறு தையல். இன்னும் ஓர் அங்குலம் கீழே பட்டிருந்தால் இன்று உங்கள் முன் நின்று பேசுவேனா என்பது சந்தேகம். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பந்தைப் பார்த்துத்தான் மட்டையைச் சுழற்றினாள். நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். "பொம்பளப் பிள்ள முகம்டி இது, இனிமே அந்த மட்டையத் தொடக்கூடாது" என்று அம்மா முடித்துவிட்டார். அப்பா மறுபேச்சு பேசவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே விளையாட்டுக்கான கண் பாதுகாப்புக் கண்ணாடி இருந்தது. "இதப் போட்டுக்கிட்டா விளையாடலாம், இல்லன்னா வேணாம்" என்றார். அம்மாவும் அரை மனதோடு சம்மதித்தார். ஆட்டக்கூடத்தில் தோழிகள் என்னை 'வெல்டிங்காரி' என்று கேலி செய்தார்கள். கேலி ஒரு மாதத்தில் ஓய்ந்தது. கண்ணாடி இன்றுவரை இருக்கிறது. அளவு மட்டும்தான் மாறியிருக்கிறது.

பெற்றோர்கள் சிலவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிள்ளை பார்வைக்காக அணியும் சாதாரண மூக்குக்கண்ணாடி விளையாட்டுக்குப் பாதுகாப்பு ஆகாது. அது உடைந்தால் துண்டுகளே கண்ணைக் கிழிக்கும். கண்ணுக்குள் வைக்கும் காண்டாக்ட் லென்ஸ் எதையும் தடுக்காது. கண்ணாடியே இல்லாமல் வெறும் சட்டம் மட்டும் உள்ளதும் உதவாது, பந்து நசுங்கி இடைவெளி வழியாக உள்ளே வந்துவிடும். பாலிகார்பனேட் என்னும் உறுதியான பொருளால் ஆன, மட்டை விளையாட்டுகளுக்கென்றே தரச் சான்று பெற்ற கண்ணாடிதான் வேண்டும். உலக ஸ்குவாஷ் சம்மேளனம் தன் இளையோர் போட்டிகளில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் தொலைக்காட்சியில் தோன்றும் பெரிய வீரர்கள் பலர் அணிவதில்லை. பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் "அவங்க போடலியே" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு இருக்கும் கட்டுப்பாடும் அனுபவமும் நம் தாமான் ஆட்டக்கூடத்தில் ஆடும் பிள்ளைக்கு உண்டா?

"ஏன்லா உதைச்ச?"

அடுத்தது கால். ஸ்குவாஷில் நேராக ஓடுவது குறைவு. பாய்வது, நிற்பது, திரும்புவது, மறுபடி பாய்வது, இதுதான் ஆட்டம். கணுக்காலும் முழங்காலும் கெண்டைக்காலும் இடுப்பும் ஒவ்வொன்றாகக் கணக்குக் கேட்கும். குதிகாலுக்கு மேலே கயிறுபோல ஒரு தசைநாண் இருக்கிறது. முப்பது வயதிலிருந்து ஐம்பது வயது வரை உள்ள ஆண்களுக்குத்தான் அது அதிகமாக அறுந்துபோகிறது. அறும்போது பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோல் இருக்குமாம்.

எங்கள் குழுவில் ஓர் அண்ணன் ஆடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று உட்கார்ந்துவிட்டார். கோபத்தோடு எதிராளியைப் பார்த்து, "ஏன்லா உதைச்ச?" என்றார். எதிராளியோ அவருக்கு முன்னால், சுவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அன்று சிரித்தோம். அந்த அண்ணன் மறுபடியும் ஓடுவதற்கு ஓராண்டு ஆயிற்று. வேலை முடிந்து நேராகக் காரிலிருந்து இறங்கி, உடம்பைச் சூடுபடுத்தாமல் முதல் பந்துக்கே பாய்கிறோமே, அங்கேதான் இது தொடங்குகிறது. பத்து நிமிடப் பயிற்சி, அசைவுகளுக்கு ஏற்ற உள்ளரங்கக் காலணி, தரையில் சிந்திய வியர்வையை உடனே துடைத்தல், இவை மூன்றும் பாதிக் காயங்களைத் தடுக்கும் என்பது என் அனுபவம்.

வாயு என்று சொல்லாதீர்கள்

இனி நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி. நாற்பதைத் தாண்டிய அண்ணன்மார்களும் அவர்களுடைய இல்லத்தரசிகளும் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டும்.

பிரிட்டனில் ஸ்குவாஷ் ஆட்டத்தோடு தொடர்புடைய 60 திடீர் மரணங்களை மருத்துவர்கள் ஆராய்ந்து, 1986ஆம் ஆண்டு ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இறந்தவர்களில் 59 பேர் ஆண்கள். சராசரி வயது 46. அவர்களில் 51 பேரின் மரணத்துக்குக் காரணம் இதய இரத்தக்குழாய் நோய். என்னை உலுக்கியது இன்னோர் எண். அந்த 60 பேரில் 45 பேருக்கு முன்னரே அறிகுறிகள் இருந்திருக்கின்றன. அவற்றில் நெஞ்சு வலியே அதிகம். உடம்பு எச்சரித்திருக்கிறது. அவர்கள் மட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்கள்.

நாமும் அப்படித்தானே? நெஞ்சை அடைத்தால் "வாயுவா இருக்கும்" என்கிறோம். ஒரு சோடா, ஒரு ஏப்பம், கதை முடிந்தது. இந்நாட்டு இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்று சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நீரிழிவு உள்ளவருக்கு மாரடைப்பின் வலிகூடத் தெளிவாகத் தெரியாமல் போகலாம். ஆகவே நாம் இரட்டிப்புக் கவனத்தோடு இருக்க வேண்டியவர்கள்.

என்னோடு வாரந்தோறும் ஆடும் ஒருவர், வயது 47. ஆட்டத்தின் நடுவே நெஞ்சைத் தடவிக்கொண்டு சுவரில் சாய்வார். கேட்டால் வாயு என்பார். மூன்றாவது முறை அப்படி நடந்தபோது, "அண்ணே, டாக்டரப் பாத்துட்டு வாங்க. அதுவரைக்கும் உங்களோட ஆட மாட்டேன்" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. தோல்விக்குப் பயந்து சாக்குச் சொல்வதாக மாமாக் கடையில் எல்லோரிடமும் சொன்னார். இரண்டு வாரம் பேச்சில்லை. பிறகு அண்ணிதான் பிடிவாதமாக அழைத்துப் போனார். இரண்டு இரத்தக்குழாய்களில் அடைப்பு. சிகிச்சை முடிந்து, மருத்துவர் அனுமதித்த அளவில் இப்போது மெதுவாக ஆடுகிறார். என்னிடம் நன்றி சொல்லவில்லை. ஆனால் மாமாக் கடையில் தே தாரிக்குக்கு அவர்தான் பணம் கொடுக்கிறார்.

அப்படியானால் ஸ்குவாஷ் வேண்டாமா? அப்படிச் சொல்ல நான் வரவில்லை. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 80,000க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2016ஆம் ஆண்டு வெளிவந்தது. மட்டை விளையாட்டுகளில் ஈடுபடுவோர் அந்தக் காலகட்டத்தில் இறக்கும் அபாயம், ஈடுபடாதவர்களைவிட 47 விழுக்காடு குறைவாக இருந்ததாம். விளையாட்டு ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மகிழ்ச்சியான செய்திதான்.

இரண்டு செய்திகளும் ஒன்றுக்கொன்று முரணல்ல. முறையாகத் தொடர்ந்து ஆடுகிறவருக்கு ஆட்டம் துணையாக நிற்கிறது. பத்து ஆண்டு நாற்காலியில் இருந்துவிட்டு ஒரே மாலையில் பழைய இளமையைத் தேடிப் பாய்கிறவரைத்தான் அது வீழ்த்துகிறது. உடம்பைத் தேற்றுவதற்காக ஸ்குவாஷ் ஆடாதே, ஸ்குவாஷ் ஆடுவதற்காக உடம்பைத் தேற்று என்று பழைய ஆட்டக்காரர்கள் சொல்வது இதனால்தான். முதலில் மருத்துவரைப் பாருங்கள், பிறகு நடங்கள், ஓடுங்கள், அப்புறம் மட்டையைத் தொடுங்கள். காய்ச்சல் என்றால் அன்று ஆட்டம் வேண்டாம்.

அடிக்காமல் நிறுத்தும் கை

இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. அடிக்கப் போகும்போது எதிராளி மீது பந்தோ மட்டையோ பட்டுவிடும் என்று தோன்றினால், அடிக்காமல் கையை நிறுத்தி 'லெட்' கேட்கலாம். புள்ளி யாருக்கும் போகாமல் மீண்டும் ஆடலாம். எதிராளி வழியை மறைத்து நின்றிருந்தால் புள்ளியே நிறுத்தியவருக்குக் கிடைப்பதும் உண்டு. சுற்றித் திரும்பி அடித்து அந்தப் பந்து எதிராளி மீது பட்டாலோ, புள்ளி எதிராளிக்குப் போய்விடும். வலை இல்லாத இந்த ஆட்டத்தில் அந்த விதிதான் வலை. முழு வேகத்தில் வரும் கையை இன்னொருவர் கண்ணுக்காக நிறுத்துவதற்கு, அடிப்பதைவிட அதிகப் பயிற்சி வேண்டும். பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது அதைத்தான்.

நம் கெடா மண்ணின் மகள் சிவசங்கரி 2022ஆம் ஆண்டு கார் விபத்தில் கழுத்திலும் முகத்திலும் எலும்பு முறிவோடு படுத்தார். அந்த ஆண்டு காமன்வெல்த் போட்டியை இழந்தார். உடம்பு தேறும்வரை பொறுத்தார், மெல்ல மெல்லத் திரும்பினார். 2023இல் ஹாங்சோவ் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம். 2024இல் லண்டனில் உலகின் முன்னணி வீராங்கனைகளை வரிசையாக வென்று பட்டம். 2028இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாக இடம்பெறுகிறது. அதைப் பார்த்துவிட்டு இன்னும் பல பிள்ளைகள் மட்டை கேட்பார்கள். வாங்கிக் கொடுங்கள். கூடவே கண்ணாடியையும் வாங்கிக் கொடுங்கள்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்றார்கள் நம் பெரியவர்கள். எங்கள் விளையாட்டுக்கு நான்கு சுவர்கள் வேண்டும். ஐந்தாவது சுவர் இந்த உடம்பு. அதை இடித்துவிட்டு எந்தச் சுவரில் பந்தடிப்பது?

நெறியாளர் மணியில் கை வைத்துவிட்டார். தொழில் தெரிந்தவள் என்பதால் நானே நிறுத்திக்கொள்கிறேன்.