பூனைக்குட்டிக்கும் பல் விழும்

பதுளை, பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளைக்குப் பல் விழுந்தால் லயத்துத் தகரத்தின் மேல் எறிந்து அணிலிடம் புதுப்பல் கேட்பார்கள். அதே லயத்தில் வளரும் பூனைக்குட்டிக்கும் பால்பல் விழுகிறது. நம் கண்ணில் படுவதுதான் அபூர்வம். வேர் கரைந்து கழன்ற பல்லைக் குட்டி சாப்பாட்டோடு விழுங்கிவிடும். கெடுதல் இல்லை.

பால்பற்கள் 26. மூன்று, நான்கு மாதத்தில் முன்பற்கள் ஆடத் தொடங்கும். ஆறேழு மாதத்துக்குள் 30 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். கூடுதலான நான்கும் கடைவாய்ப் பற்கள். அவற்றுக்குப் பால்பல்லே கிடையாது.

ஈறு நோவில் குட்டி செருப்பைக் கடிக்கும், கையையும் கடிக்கும். அடிக்காதீர்கள், பாவம். குழைந்த சோற்றில் முள் நீக்கிய மீனைப் பிசைந்து வையுங்கள். ஆடும் பல்லைப் பிடுங்க வேண்டாம். புதுக் கோரைப்பல் முளைத்தும் பழையது விழாமல் நின்றால் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். விசர்நோய் பூனைக்கடியாலும் வரும். பிள்ளையைக் குட்டி கடித்துக் காயப்பட்டால் ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள்.