ஆயுதத்தைத் திருப்பித் தந்த வீரர்



வீரம் என்றதும் புறநானூற்றுத் தாயும் கட்டபொம்மனும் நம் நினைவுக்கு வருகின்றனர். நாம் வாழும் இந்த ஊவா மண்ணின் வீரரை மட்டும் மறந்துவிடுகிறோம். வெலிமடைப் பக்கத்தில் கெப்பட்டிபொல என்ற ஊரை நம்மில் பலர் அறிவோம். அந்தப் பெயருக்குரியவரை எத்தனை பேர் அறிவோம்?

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. நாயக்க வமிசத்து மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சிறைப்பட்டு, வேலூருக்கு அனுப்பப்பட்டான். இரண்டே ஆண்டுகளில் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் கிளர்ச்சி மூண்டது. அரசுரிமை கோரி முன்வந்தவன், தான் அம்மன்னனின் உறவினனான துரைசாமி என்றான். உண்மையில் அவன் வில்பாவே என்னும் சிங்களவன். தமிழ்ப் பெயர் ஒன்றின் கீழ்ச் சிங்களக் குடிமக்கள் திரண்டனர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1817இல், பதுளையிலிருந்து சென்ற ஆங்கில அதிகாரி வில்சன் கொல்லப்பட்டார்.

கிளர்ச்சியை அடக்கும்படி தேசாதிபதி பிரவுன்றிக், ஊவாத் திசாவையான கெப்பட்டிபொலவையே படையுடன் அனுப்பினார். அவரோ மக்கள் பக்கம் சேர்ந்தார். சேருமுன் ஒரு காரியம் செய்தார். அரசாங்கம் கொடுத்திருந்த துப்பாக்கிகளையும் வெடிமருந்தையும் திருப்பி அனுப்பிவிட்டார்! வில்லும் அம்பும் பழைய துப்பாக்கிகளுமே பெரும்பாலும் தம்மவரிடம் இருந்தன என்பது அவருக்குத் தெரியாததா? நம்பிக் கொடுத்தவன்மீது அவன் ஆயுதத்தையே நீட்ட அந்த நெஞ்சு ஒப்பவில்லை.

அதன்பின் அவர் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிப் போரிட்டார். ஆங்கிலப் படை வீடுகளைக் கொளுத்தியது, வயல்களையும் அழித்தது. ஊவா பஞ்சத்தில் வாடியது. 1818 அக்டோபர் இறுதியில் பிடிபட்ட கெப்பட்டிபொலவுக்கு, நவம்பரில் கண்டி போகம்பரையில் சிரச்சேதம் நிறைவேறியது. அன்று காலை தலதா மாளிகையில் வணங்கித் தம் மேலாடையைக் காணிக்கையாக வைத்தார். கந்தலும் அழுக்குமானாலும் தம்மிடம் உள்ளது இதுவே, ஆதலால் புண்ணியம் குறையாது என்று அந்நேரத்திலும் நகைத்துப் பேசினாராம். இதனை எழுதிவைத்தவர் எதிர்த்தரப்புப் படை வைத்தியர் ஹென்றி மார்ஷல். பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்ட அவர் மண்டையோடு திரும்பி வந்து, 1954இல் கண்டி நினைவுச் சின்னத்தில் வைக்கப்பட்டது.

"அது சிங்களவர் கதை, நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். நம் முன்னோர் தோட்டக் கூலிகளாக வரத்தொடங்கிய ஆண்டு 1823 என்கிறோம். 2023இல் இருநூறாண்டு நினைவும் கொண்டாடினோம். அப்படியானால் அந்தப் போரின் புகை அடங்கி ஐந்தாண்டுகளில் இந்நாட்டுக்கு வந்தவர்கள் நாம். போரில் வென்றவர்களே மலைகளைத் தோட்டங்களாக்கினார்கள். அவர்களுக்காகவே நம் பாட்டன் பாட்டியர் உழைத்து மாய்ந்தனர். 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்டு, நம்மில் பலர் 2003 வரை நாடற்றவராய்க் காத்திருந்தோம். இந்த மண் எங்களுடையது என்று சொல்லும் நாம், இந்த மண்ணின் துயரமும் வீரமும் எங்களுடையவை என்றும் சொல்ல வேண்டாமா?

வாலிப நண்பர்களே! அடுத்த முறை கெப்பட்டிபொல வழியாகச் செல்லும்போது, பக்கத்தில் இருக்கும் தம்பி தங்கையருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். உரிமைக்காக உறுதியாக நிற்போம். நிற்கும்போதும் நேர்மை தவறாதிருப்போம்.